போர் ஒரு மாதம், நெருக்கடிநிலை ஐந்தாண்டு

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை வடகிழக்கு எல்லையிலும் லடாக்கிலும் ஒரே நேரத்தில் தாக்குதலைத் தொடங்கியது. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. சண்டை நடந்தது ஏறத்தாழ ஒரு மாதம். அதற்காக அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் பிறப்பித்த நெருக்கடிநிலைப் பிரகடனம் விலக்கிக்கொள்ளப்பட்ட நாளோ 1968 ஜனவரி 10. இடையில் நேரு மறைந்தார். சாஸ்திரி வந்து, பாகிஸ்தானுடன் இன்னொரு போரை நடத்தி, தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தி பிரதமராகி ஒரு பொதுத்தேர்தலையும் முடித்துவிட்டார். தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி போய் அண்ணா முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். 1962-இல் போட்ட நெருக்கடிநிலை மட்டும் அசையாமல் இருந்தது.

போர் வந்தால் நாட்டின் தலைவருக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. படையை நகர்த்த, ரயிலைத் திருப்பிவிட, தானியத்தைக் கையகப்படுத்த, ஒற்றர்களைப் பிடித்துவைக்க ஒவ்வொரு முறையும் மக்களவையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. போருக்காகக் கொடுத்த அதிகாரத்தைப் போர் முடிந்ததும் யார், எப்படித் திரும்ப வாங்குவது? இந்திய வரலாற்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே இதற்கு ஒரு விடை கிடைக்கிறது: கொடுக்கும்போதே கெடு வைக்காத அதிகாரம் தானாகத் திரும்பி வருவதில்லை. அதை வைத்திருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

நேருவைச் சர்வாதிகாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சீனப் படை முன்னேறிக்கொண்டிருந்தபோது, நாடாளுமன்றத்தை உடனே கூட்ட வேண்டும் என்று ஜனசங்கத்தின் இளம் மாநிலங்களவை உறுப்பினர் அடல் பிகாரி வாஜ்பாய் கோரினார். நேரு குளிர்காலக் கூட்டத்தொடரை முன்கூட்டியே நவம்பர் 8 அன்று கூட்டினார். அவரையும் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனனையும் ஆளுங்கட்சியினரே வறுத்தெடுத்தார்கள். மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். எல்லையில் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பிரதமர் அவையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டது உலகில் அரிதாக நடக்கும் காரியம்.

ஆனால் அதே நேருவின் அரசுதான் பிரகடனம் வெளியான அன்றே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. நவம்பர் 3 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவையும், கைதானவருக்குப் பாதுகாப்பளிக்கும் 22-வது பிரிவையும் நிலைநாட்ட நீதிமன்றம் போகும் உரிமையை நிறுத்திவைத்தது. அன்றைய அரசமைப்புச் சட்டப்படி நெருக்கடிநிலைக்கு இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் தந்தால் போதும். அதற்குப் பிறகு அது எத்தனை காலம் நீடிக்கலாம் என்று எங்குமே எழுதப்படவில்லை. மறுஒப்புதலும் வேண்டாம், ஆண்டுக் கணக்கும் வேண்டாம். அரசு விரும்பும்வரை அது ஓடும். ஐந்தாண்டு ஓடியதும் அப்படித்தான்.

அந்த அதிகாரம் முதலில் யார் மேல் பாய்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அசாமின் மாக்கும், இன்றைய மேகாலயத்தின் ஷில்லாங், வங்கத்தின் டார்ஜிலிங் போன்ற ஊர்களில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருந்தன. தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தச்சர்கள், செருப்புக் கடைக்காரர்கள், உணவகம் நடத்தியவர்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலருக்குச் சீன மொழியே சரியாக வராது. நவம்பர் 19, 20 வாக்கில் போலீசார் வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டிவந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர், கைக்குழந்தையிலிருந்து தள்ளாத முதியவர் வரை, ரயிலில் ஏற்றப்பட்டு ஒரு வாரம்போலப் பயணம் செய்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் இறக்கப்பட்டார்கள். வெள்ளையர் ஆட்சியில் கைதிகளை அடைத்துவைத்த அதே முகாம்.

அவர்கள் மீது குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. அவர்களைக் கூட்டிவந்த ஓரிரு நாளில் போரே நின்றுபோனது. ஆனால் முகாம் நிற்கவில்லை. அங்கேயே குழந்தைகள் பிறந்தன. 1963-இல் சீனா அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறி, பலர் அதுவரை கண்ணால் கூடப் பார்த்திராத ஒரு நாட்டுக்குப் போனார்கள். கடைசிக் கைதிகள் 1967-இல்தான் வெளியே வந்தார்கள். ஊருக்குத் திரும்பிய பலருக்கு வீடும் கடையும் இல்லை. ஏலத்தில் போயிருந்தன. அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி 2010-இல் எழுதிய 'மாக்கம்' நாவல் வரும்வரை இந்தியாவில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அடுத்து அரசியல் எதிரிகள். 1962 இறுதியிலேயே நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் உள்ளே போனார்கள். கட்சி பிளவுபட்ட பிறகு, 1964 டிசம்பர் இறுதியில் மார்க்சிஸ்ட் தலைவர்கள் நாடெங்கும் மீண்டும் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். 1965 மார்ச்சில் கேரளத்தில் தேர்தல் நடந்தது. 40 இடங்களுடன் மார்க்சிஸ்ட் கட்சி தனிப்பெரும் கட்சியாக வந்தது. வென்றவர்களில் பலர் சிறைக்குள் இருந்தார்கள். அந்தச் சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. சீனாவைத் தடுக்கக் கொடுத்த அதிகாரம் கேரளத்தில் யார் ஆட்சி அமைக்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சீனப் போர் வந்ததும் திராவிட முன்னேற்றக் கழகம் தன் போராட்டங்களை நிறுத்தி, போர் முயற்சிக்கு முழு ஆதரவு தந்தது. இரண்டு ஆண்டு கழித்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது, 1965 பிப்ரவரியில் மு. கருணாநிதி கைது செய்யப்பட்டுப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் மேல் போடப்பட்டது இந்தியப் பாதுகாப்புச் சட்டம். 1962-இல் கட்சி எந்தப் போருக்குத் தோள் கொடுத்ததோ அந்தப் போரின் பெயரால் பிறந்த சட்டம், மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்களுக்கு எதிராகத் திரும்பியது. மாணவர்கள் கையில் துப்பாக்கியும் இல்லை, பெய்ஜிங்கிலிருந்து வந்த கடிதமும் இல்லை.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் இறங்கிப் போகும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். பிரபாகர் சன்சகிரி மராட்டிய மார்க்சிஸ்ட் தலைவர். பாதுகாப்பு விதிகளின்கீழ் பம்பாய்ச் சிறையில் இருந்தார். சும்மா இருக்கும் நேரத்தில் அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராத்தியில் ஒரு அறிவியல் நூல் எழுதினார். சிறைக்குள் எழுதுவதற்கு அனுமதியும் பெற்றிருந்தார். எழுதி முடித்து, அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்றார். மகாராஷ்டிர அரசு மறுத்தது. எலக்ட்ரான், புரோட்டான் பற்றிய ஒரு கையெழுத்துப் பிரதி நாட்டின் பாதுகாப்புக்கு என்ன ஊறு செய்யும் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1965-இல் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு, கைதியின் உரிமையைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லாதபோது அதிகாரி தன் இஷ்டத்துக்குத் தடுக்க முடியாது என்றது. புத்தகம் வெளியே வந்தது. ஆசிரியர் உள்ளேயே இருந்தார்.

நீதிமன்றங்கள் காப்பாற்றும் என்று நம்புவோருக்கு இந்தத் தீர்ப்பு தெம்பு தரலாம். முழுப்படம் வேறு. 1963-இல் மாக்கன் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, தடுப்புக் காவலில் இருப்பவர் அடிப்படை உரிமைகளைக் காட்டி வழக்காட முடியாது என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கெட்ட நோக்கத்தோடு கைது செய்தார்கள் என்று நிரூபித்தாலோ, சட்டத்தையே மீறிக் கைது செய்திருந்தாலோ மட்டும் ஒரு சன்னல் திறந்திருந்தது. மாறுபட்ட அந்த ஒருவரும் சுப்பாராவ்தான்.

1971-இல் அதே கதை மறுபடி. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின, அன்றிரவே நெருக்கடிநிலை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பதினான்கு நாள் போர், முழு வெற்றி, உலகமே பாராட்டிய பிரதமர். 1972 ஜூலையில் சிம்லா உடன்பாடும் கையெழுத்தாயிற்று. நெருக்கடிநிலையை விலக்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான நேரம் வந்திருக்க முடியாது. விலக்கவில்லை.

1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் போனசும் எட்டு மணி நேர வேலையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். டாக்கா விழுந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, பாதுகாப்பு விதிகளைக் காட்டி அந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்பட பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் துரத்தப்பட்டன. போனஸ் கேட்பவருக்கும் பாகிஸ்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டவர்களுக்கு அரசிடம் பதில் இருந்தது: சட்டம் அமலில் இருக்கிறது.

பிறகு 1975 ஜூன் 25 இரவு. உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் சொல்லி இந்திரா காந்தி நெருக்கடிநிலையைக் கொண்டுவந்தார் என்றுதான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டுப் போர்க்கால நெருக்கடிநிலை அப்போதும் உயிரோடு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அது இரண்டாவது பிரகடனம். முதலாவதின் மேல் வைத்த அடுக்கு. போர்க்காலத்தில் பழகிய கருவிகள், பழகிய அதிகாரிகள், கையெழுத்துக்குத் தயாரான படிவங்கள் எல்லாம் கைவசம் இருந்தன. நெருக்கடிநிலையை விசாரித்த ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசா தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் 34,988 பேரும், பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும் பிடிக்கப்பட்டார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் சென்னை மத்தியச் சிறைக்குப் போன முன்னாள் மேயர் சிட்டிபாபு திரும்பி வரவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெருக்கடிநிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. விசாரணையின்போது நீதிபதி கன்னா, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா என்று அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார். நெருக்கடிநிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. கன்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தவறென்று சொல்லி ஒதுக்கியது 2017-இல், தனியுரிமை வழக்கில். இடையில் ஓடியது 41 ஆண்டு.

இந்தத் தாமதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் லிங்கன், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். தலைமை நீதிபதி டேனி அது செல்லாது என்றார், லிங்கன் பொருட்படுத்தவில்லை. நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை முறையாகக் கொடுத்தது 1863-இல். சாதாரணக் குடிமகனை ராணுவ மன்றத்தில் நிறுத்தித் தூக்குத்தண்டனை விதித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்போது 1866 ஆகிவிட்டது. போரும் முடிந்திருந்தது, லிங்கனும் இல்லை.

ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19 அன்று ஒரே ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையிலிருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, வயல், படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. லிங்கனும் ரூஸ்வெல்ட்டும் அந்நாட்டு மக்கள் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தலைவர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியில் அடைபட்டவர்களிடம் இந்திய அரசு இதுவரை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

போர் நடக்கும்போதே நீதிமன்றம் தலைவரின் கையைப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 ஏப்ரலில், வேலைநிறுத்தம் வந்தால் ராணுவத்துக்கு எஃகு கிடைக்காது என்று சொல்லி அதிபர் ட்ரூமன் நாட்டின் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தினார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், சட்டம் தராத அதிகாரத்தைப் போர் தராது என்றது. ட்ரூமன் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். போர் அதனால் தோற்றுப்போகவில்லை. கவனிக்க வேண்டியது, அந்த வழக்குக்கு வந்தவர்கள் பெரிய ஆலை முதலாளிகள். முகாமுக்குப் போன மீனவருக்கும் விவசாயிக்கும் அந்த வேகத்தில் நீதி கிடைக்கவில்லை.

கெடு வைத்தால் போரை நடத்த முடியாது என்று வாதிடுவோர் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனைவிட நெருக்கடியில் இருந்த ஜனநாயகம் வேறெது? 1939-இல் அந்நாடு இயற்றிய நெருக்கடி அதிகாரச் சட்டத்தின் ஆயுள் ஓராண்டு. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நீட்டித்தால்தான் தொடரும். விசாரணையின்றி ஆட்களைப் பிடித்துவைக்கும் 18பி விதி அங்கும் கொடுமைதான் செய்தது. ஆனால் அவை கூடிக்கொண்டே இருந்தது. 1942 ஜூலையில், வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் கோட்டை விழுந்த கையோடு, சர்ச்சில் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 475-க்கு 25 என்ற வாக்கில் அவர் வென்றார். நடுப்போரில் பதில் சொல்ல நின்றதால் அவர் பலம் குறையவில்லை. 1943-இல் சர்ச்சிலே, குற்றம் சாட்டாமல் ஒருவரைச் சிறையில் தள்ளும் அதிகாரம் வெறுக்கத்தக்கது என்று தன் உள்துறை அமைச்சருக்கு எழுதினார்.

இன்றைய உதாரணம் உக்ரைன். 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே போர்ச்சட்டம் நடப்பில் இருக்கிறது, 90 நாளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்கிறது, தேர்தல்கள் தள்ளிப்போடப்பட்டிருக்கின்றன. 2025 ஜூலையில் ஊழல் ஒழிப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டத்தில் அதிபர் ஜெலென்ஸ்கி கையெழுத்திட்டார். குண்டு விழும் ஊர்களில் மக்கள் அட்டைகளை ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் சட்டம் திருத்தப்பட்டது. ரஷ்யாவை எதிர்ப்பதும் அதிபரைத் தட்டிக் கேட்பதும் அவர்களுக்கு ஒரே வேலையாகத் தெரிந்தது.

கெடு வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இலங்கை சாட்சி. பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நெருக்கடிநிலையை மாதாமாதம் நாடாளுமன்றம் வாக்களித்து நீட்டிக்க வேண்டும். கேட்கக் கறாராக இருக்கிறது. நடந்தது, மாதாமாதம் ஒரு சடங்கு. 1983 முதல் 2011 ஆகஸ்டு வரை சில இடைவெளிகள் தவிர அது நீடித்தது. போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. 1979-இல் மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-இல் நிரந்தரமாயிற்று. போர் ஓய்ந்து பதினைந்து ஆண்டு கடந்தும் அது நீக்கப்படவில்லை. வாக்களிப்பவர்கள் தலையாட்டிகளாக இருந்தால் மாதக்கெடுவும் வீண். சிறுபான்மையினரின் வாக்கைப் பொருட்படுத்தாமலே நிறைவேற்றிவிடக்கூடிய சாதாரணப் பெரும்பான்மை அங்கே போதுமானதாக இருந்தது.

இந்தப் பாடத்தை இந்தியா 1978-இல் எழுதிவைத்தது. ஜனதா ஆட்சியின் 44-வது திருத்தப்படி, அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு இல்லாமல் நெருக்கடிநிலை பிறப்பிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பெரும்பான்மை மீண்டும் வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் பதினான்கு நாளுக்குள் சிறப்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். எந்த நெருக்கடியிலும் உயிருக்கான உரிமையை நிறுத்திவைக்க முடியாது. அதற்குப் பிறகு இந்தியாவில் தேசிய நெருக்கடிநிலை ஒருமுறைகூட வரவில்லை. 1999-இல் கார்கில் போரை இந்தியா அது இல்லாமலே நடத்தி வென்றது.

ஆனால் கார்கிலில் வேறொன்று நடந்தது. ஒரு வாக்கில் தோற்ற வாஜ்பாய் அரசு அப்போது காபந்து அரசு, மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. மாநிலங்களவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கூட்டவில்லை. 1962-இல் நேருவிடம் அவையைக் கூட்டச் சொல்லிக் கேட்டவர்தான் 1999-இல் பிரதமர். அதே சமயம், போர் முடிந்த மூன்றாம் நாளே கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்து, அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்ததும் அதே அரசு. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் தரப்பட்டது. அரசைப் பொறுத்தவரை அது இன்னும் ரகசியம்.

நெருக்கடிநிலை கடினமாக்கப்பட்டதால், அதிகாரம் வேறு வாசல்களைக் கண்டுபிடித்திருக்கிறது. 1965 போரில் பாகிஸ்தான் குடிமக்களின் சொத்துகள் பாதுகாப்பு விதிகளின்கீழ் அரசுக் காப்பாளரிடம் போயின. அவற்றைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று தாஷ்கண்டில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. பாதுகாப்புச் சட்டம் காலாவதியாகவிருந்த 1968-இல் எதிரிச் சொத்துச் சட்டம் வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டது. மகமூதாபாத் அரச குடும்பத்தின் வாரிசு, அவர் இந்தியக் குடிமகன், பல்லாண்டு வழக்காடி 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 2016-இல் ஓர் அவசரச் சட்டம் ஐந்து முறை பிறப்பிக்கப்பட்டது; 2017-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கி, வாரிசு இந்தியராகவே இருந்தாலும் உரிமை கிடையாது என்று முன்தேதியிட்டுச் சொல்லிவிட்டது. இப்படி 12,000-க்கும் மேற்பட்ட சொத்துகள் இருக்கின்றன. 1965 போர் நடந்தது சில வாரம்.

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நான்கு நாள் மோதல் நடந்தபோது எந்தப் பிரகடனமும் தேவைப்படவில்லை. 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்க அரசு உத்தரவிட்டிருப்பதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு தவறு என்று சொல்லப்படவில்லை என்றும் அது கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இதற்கு இடமுண்டு. உத்தரவுகளை ரகசியமாக வைக்க விதியும் உண்டு. நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டம் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. விவாதம் நடந்தது ஜூலை இறுதியில், வழக்கமான மழைக்காலக் கூட்டத்தொடரில். நேரு 1962-இல் எடுத்துக்கொண்டது பத்தொன்பது நாள், அதுவும் தோற்றுக்கொண்டிருந்தபோது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. படை மோதல் தொடங்கினால் குறிப்பிட்ட நாளுக்குள் நாடாளுமன்றம் கூடியாக வேண்டும் என்று சட்டம் வேண்டும். ரகசியம் தேவையென்றால் மூடிய அவையாக நடத்தலாம். பிரிட்டன் குண்டுமழைக்கு நடுவே நடத்தியது. போர்க்காலத்தில் பிறப்பித்த ஒவ்வொரு தடைக்கும், முடக்கத்துக்கும், கையகப்படுத்தலுக்கும் முடியும் தேதி இருக்க வேண்டும். நீட்டிப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. தேவ்லியில் அடைபட்டவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் புதிய மசோதா, விவாதம், வாக்கெடுப்பு வேண்டும் என்று அரசு சொல்லலாம். எதுவுமே வேண்டாத ஒரு வேலையும் பாக்கி இருக்கிறது. 44-வது திருத்தத்தின் மூன்றாம் பிரிவு, கைதை மறுபரிசீலிக்கும் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. ஆய்வுக் குழுவுக்குப் பதவியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியே தலைமை ஏற்க வேண்டும் என்றது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போகிறவருக்கும் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் உள்ளே போகிறவருக்கும் இது பொருந்தியிருக்கும். ஆனால் எந்தத் தேதியில் அமலுக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கும் என்று விட்டுவிட்டார்கள். 1981 இறுதியில் ஏ.கே. ராய் வழக்கில், அரசை அப்படி அறிவிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஜனதா, காங்கிரஸ், பாரதிய ஜனதா என்று எத்தனையோ அரசுகள் வந்து போய்விட்டன. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவு, அரசிதழில் வெளிவர வேண்டிய ஓர் அறிவிக்கைக்காக 1978-ஆம் ஆண்டிலிருந்து காத்திருக்கிறது.